தண்ணீர் ஆகாத அடுப்பு

காலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, இடித்துவிடப் போகிறது. வேண்டாம், வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். கீழே வைத்தால் இந்த டிரைவர் போடுகிற பிரேக்குக்கு உருண்டு முன்னால் போய்விடும். வாளி இல்லை இது, அடுப்பு. குமுட்டி அடுப்பு. வெளியே இரும்பு, உள்ளே மண் பூச்சு, நடுவில் கம்பித் தட்டு, கீழே காற்று போக ஒரு வாசல். கரி போட்டு எரிப்பது. உங்கள் வயசுக்குப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கண்டக்டர் சொன்னதைக் கேட்டீர்களா? "உங்களுக்கு டிக்கெட் வேணாம்மா, அடுப்புக்கு ஒண்ணு எடுத்துக்குங்க" என்கிறார். எனக்கு இலவசம், அடுப்புக்குக் காசு. அறுபத்தொன்பது வயசில் ஓர் அடுப்பைவிட மலிவாகிப்போனேன். சிரியுங்கள், தப்பில்லை. நானும் சிரித்தேன்.

எனக்காக வாங்கவில்லை. எனக்கு எதற்கு? வீட்டில் கேஸ் இருக்கிறது. எங்கள் மாடியில் குடியிருக்கிற அம்மாவுக்காகச் செங்கல்பட்டுவரை வந்து வாங்கிக்கொண்டு போகிறேன். ஜப்பான்காரி. ஊருக்குப் போயிருக்கிறாள், நாளைக் காலையில் திரும்பி வருகிறாள். அவளுடைய அடுப்பை நான் உடைத்துவிட்டேன். நாளைக்கு அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியாக வேண்டும். என்ன வார்த்தையில் சொல்வது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். நீங்கள் தாம்பரம்வரைக்கும்தானே? நல்லதாகப் போயிற்று. கேட்டுவிட்டு ஒரு யோசனை சொல்லுங்கள். முப்பது வருஷம் பெண்கள் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவள் நான். ஆரம்பித்தால் அடியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முடிச்சூர் ரோட்டில் எங்கள் வீடு. மாமனார் கட்டியது. இரண்டு பிள்ளைகளுக்கும் பின்னால் சண்டை வரக்கூடாது என்று நட்டநடுவில் சுவர் வைத்தே கட்டினார். இந்தப் பக்கம் நான், தையல்நாயகி. அந்தப் பக்கம் என் ஓரகத்தி மரகதம், என் கொழுந்தனுடைய மனைவி. இரண்டு ஆண்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் பிள்ளை கனடாவில். மொட்டை மாடியும் மாடியறையும் மட்டும் பொது. மாடியறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

அவளும் நானும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வடாம். ஒரு சித்திரை மாசம் மாடியில் இரண்டு பேரும் தனித்தனியாக வடாம் பிழிந்து காயவைத்தோம். நான் ஒரு கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்தேன். திடீரென்று மழை. திரும்பி வந்து பார்க்கிறேன், அவள் வடாம் பத்திரமாக அவள் கூடத்தில் இருக்கிறது, என்னுடையது மாடிப்படியெல்லாம் கஞ்சியாக ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்களே சொல்லுங்கள். தன்னுடையதை எடுத்தவளுக்கு என்னுடையதை எடுக்க எத்தனை நிமிஷம் ஆகும்? நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற ஜாதி இல்லை நான். பேச்சை நிறுத்தினேன், அவ்வளவுதான். அவளும் நிறுத்தினாள். அதற்குப் பிறகு கொஞ்சநாள் காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தாள், பரிதாபப்பட்டு நான் பேசுவேன் என்று. இன்றைக்கும் மழை நாளில் அந்தக் கால் கொஞ்சம் இழுக்கும். நடித்து நடித்து நிஜமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோவில் வந்துவிட்டதா? இறங்குகிறவர்கள் இறங்கட்டும். யாரப்பா அது, அடுப்பைப் பிடித்துக்கொண்டா இறங்குவது?

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் வந்தாள் கயோ. ஐம்பத்து மூன்று வயசு. தாம்பரத்தில் ஒரு நிலையத்தில் ஜப்பான் பாஷை சொல்லித்தருகிறாள். இதற்கு முன்னால் ஆறு வருஷம் மதுரையில் இருந்தவள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தேன் இருக்குக்கா, ஆனா அங்கிட்டு இருக்கிற குழாய் ஒழுகுது" என்றாள். நான் எத்தனையோ படையெடுப்புகளைப் பாடம் எடுத்திருக்கிறேன். ஜப்பான் நாட்டிலிருந்து மதுரை கிளம்பி என் மாடிக்கு வரும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சாமான்கள் எல்லாம் வண்டியில் வந்தன. ஒன்றை மட்டும், இதோ நான் வைத்திருக்கிறேன் பாருங்கள், இதே மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அதுதான் அடுப்பு. சிச்சிரின் என்று பெயராம். நெல் அளக்கிற மரக்கால் உயரம், வெளிறின மண் நிறம், இடுப்பில் இரண்டு பித்தளைப் பட்டை, கீழே நகர்த்தித் திறக்கிற சின்னக் கதவு. மேலே ஒரு கம்பி வலை. களிமண்ணைப் பிசைந்து செய்ததில்லையாம். கண்ணுக்கே தெரியாத கடல் உயிர்கள் செத்து, அவற்றின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து, யுகக்கணக்கில் பாறையாகிப்போன மண்ணாம். அதைக் கட்டியாக வெட்டி, குடைந்து செய்வார்களாம். தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். உள்ளே கரி செக்கச்செவேல் என்று கனிந்துகொண்டிருக்கும், வெளியே கை வைத்தால் வெதுவெதுப்புத்தான் இருக்கும். காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றி மாதிரி.

"மொதச் சம்பளத்துல வாங்குனதுக்கா. பதினோரு வீடு மாறிட்டேன். புருஷன் நடுவுல வந்து நடுவுலயே போய்ட்டாரு. இது போகல" என்றாள். எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியிலிருந்து கரி வாசனை வந்தது. சண்டை போடத்தான் போனேன். நாங்கள் சைவம் அம்மா, ஏழு தலைமுறையாக. மாடியில் மீன் வாசனை வந்தால் மாமனார் சுவரில் மாட்டியிருக்கிற படத்தை விட்டே எழுந்து வந்துவிடுவார். புடவையைச் செருகிக்கொண்டு படியேறினேன். அங்கே புகையே இல்லை. கரி எரிகிறபோது சத்தமும் போடாது, புகையும் விடாது. தனக்குள் எதையோ நினைத்துக்கொள்கிற மாதிரி சிவக்கும். வலையின் மேல் நாலு கத்தரிக்காய், ஒரு சர்க்கரைவள்ளி, முக்கோணமாகப் பிடித்த மூன்று சோற்று உருண்டை. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, பனை விசிறியால் கீழ்க் கதவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"மீன் சுடுவியா?" என்றேன்.

"சுடுவேன்க்கா. உங்க மாடியில சுடமாட்டேன். வீடு பாக்க வந்தப்பவே வாக்குக் குடுத்துருக்கேன்ல? உக்காருங்க, உருண்டை கருகிரும்."

உட்கார்ந்தேன். மேற்பார்வைக்காகத்தான். வீடு நம்முடையது, நெருப்பு வேறு, யாராவது பார்க்க வேண்டாமா? அந்தச் சோற்று உருண்டையில் சோயா சாஸைத் தடவித் திருப்பினாள் பாருங்கள், மேலே முறுகி, உள்ளே மெத்தென்று... சரி, அது முக்கியமில்லை. மேற்பார்வை முக்கியம். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும் போனேன். இந்த இரண்டரை வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பாதுகாப்பில் குறை வைக்கவில்லை.

மூன்றாவது வாரம் போனால், எதிர்ப்பக்கம் ஒரு முக்காலி போட்டு மரகதம் உட்கார்ந்திருக்கிறாள். வாசனை சுவர் பார்த்தா போகும்? எழுந்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதலில் வந்தவள் நான், நான் ஏன் எழுந்திருக்க வேண்டும்? உட்கார்ந்தேன். அவளும் எழுந்திருக்கவில்லை. அந்த அடுப்பு மரக்கால் அளவுதானே, மூன்று பேர் சுற்றி உட்கார்ந்தால் முட்டிக்கு முட்டி இடிக்கும். ஆறு வருஷத்துக்கு மேலாக முகம் பார்க்காதவளுடைய முட்டி!

அதில் இன்னொரு வினை. கயோவின் வீட்டில் ஒரு வழக்கமாம். தன் முன்னால் இருக்கிறதைத் தானே திருப்பக்கூடாது. எதிரில் இருக்கிறவர்களுக்குத்தான் திருப்ப வேண்டும். நம்முடையதை அவர்கள் பார்த்துத் திருப்புவார்கள். "தன்னோடத தானே பாத்துக்கிட்டா அதுக்குக் கேஸ் அடுப்பு போதும்க்கா" என்றாள். நல்ல வழக்கம்தான், வேறு வீடுகளுக்கு. என் எதிரில் யார்? மரகதம். அன்றைக்கு அவள் கத்தரிக்காயை நான் திருப்பவில்லை, என்னுடையதை அவள் திருப்பவில்லை. இரண்டும் ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. கயோ தன்னுடைய உருண்டையை வலையில் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடையதை யார் திருப்புவது? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குறடை நீட்டி, குறடும் குறடும் இடித்தது.

அதற்கடுத்த வாரம் மரகதம் என் முகத்தைப் பார்க்காமலே என் கத்தரிக்காயைத் திருப்பினாள். சரி, கடன் வைக்கக்கூடாது என்று நானும் அவளுடையதைத் திருப்பினேன். பாசம் இல்லை. கருகினால் புடவையில் நாற்றம் ஏறும்.

பேச்சு மட்டும் கயோ வழியாகத்தான்.

"கயோ, அந்தப் பக்கம் மிளகாய் கருகுதுன்னு சொல்லு."

"மரகதக்கா, மிளகா கருகுதாம்."

"கருகட்டும், எனக்கு அப்படித்தான் பிடிக்கும்னு சொல்லு."

"தையலக்கா, அப்பிடித்தேன் பிடிக்குமாம்."

"நாப்பது வருஷமா எனக்குத் தெரியாதா, அவளுக்குக் கருகினா பிடிக்காதுன்னு. வீம்பு!"

"மரகதக்கா, வீம்பாம்."

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அவள் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் கொண்டுவருவாள், சோற்று உருண்டையில் தடவ. நான் புளிக்காய்ச்சல் கொண்டுபோவேன். கயோ இரண்டையும் பாதிப் பாதியாகத் தடவி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், "வாய் வெந்துருச்சுக்கா, தெரியல" என்பாள். சாமர்த்தியக்காரி. நான் ஒரு நாள் அப்பளத்தைக் கரியில் சுட்டுக் காட்டினேன். உப்பிக்கொண்டு எழுந்ததைப் பார்த்து அவள் கை தட்டினாள். மரகதமும் சிரித்துவிட்டாள், பிறகு ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

கூடுவாஞ்சேரியா? இந்த இடத்தில் எப்போதும் நெரிசல்தான். இருக்கட்டும், நமக்கு நேரம் வேண்டியிருக்கிறது.

மார்கழி நடுவில் கயோ ஊருக்குக் கிளம்பினாள். அவர்களுக்கு அப்போது வருஷப் பிறப்பு. அப்போதுதான் அந்தப் போரூர் பேச்சை எடுத்தாள். அவள் நிலையத்துக்குப் போரூரில் புதுக் கிளை திறக்கிறார்களாம், வந்தால் அங்கேயே வீடும் தருகிறார்களாம். "ஊருக்குப் போய்ட்டு வந்து முடிவு சொல்றேன்க்கா" என்றாள். போனால் போகட்டும், எனக்கென்ன? மாடியறைக்கு வேறு ஆள் கிடைக்காதா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் பழையபடி கீழே உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் மரகதத்தின் டிவி ஓடும். முன்பு அப்படித்தானே இருந்தேன்? இருந்தேன்.

அவள் விமானம் ஏறுகிற அவசரத்தில் மரகதத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். "அடுப்பு மாடியில இருக்கு. தண்ணி மட்டும் பட்டுறக் கூடாது, தையலக்காட்டயும் சொல்லிருங்க." கவனியுங்கள். மரகதத்திடம், என்னிடம் சொல்லச் சொல்லி. எங்களுக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்ததே அவள்தான். அவளே ஏறிப் போய்விட்டால் யார் சொல்வது? மரகதம் சொல்லவில்லை.

போகி வந்தது. போகிக்கு எங்கள் வீட்டில் கழுவாத சாமான் இருக்காது. பரணிலிருந்து விளக்குவரைக்கும் கழுவினேன். மாடிக்குப் போனால் அந்த அடுப்பு. வாயெல்லாம் கரி, பித்தளைப் பட்டையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பார்க்கவே மனசு கேட்கவில்லை. வேண்டுமென்றா அடுப்பை அழுக்காக வைத்திருப்பாள், பாவம், நேரம் இருந்திருக்காது. வந்து பார்க்கும்போது புதுசு மாதிரி இருக்கட்டும் என்று, ராத்திரி முழுக்க ஒரு தொட்டித் தண்ணீரில் சீயக்காய்த்தூள் போட்டு ஊறவைத்தேன். காலையில் உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்தேன். தொட்டித் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. அடுப்புதான் குடித்திருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் தேய்க்கிறேன், மரகதம் மாடிக்கு வந்து நிற்கிறாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து, "சில சாமானுக்குத் தண்ணி ஆகாது!" என்றாள்.

எனக்குக் குத்தலாகப் பட்டது. என் வடாத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். இன்னும் இரண்டு சொம்பு சேர்த்து ஊற்றித் தேய்த்தேன்.

நாலு நாள் வெயிலில் காய்ந்தது. நன்றாகத்தான் இருந்தது, வெள்ளை வெளேர் என்று. காணும் பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், சரியாக எரிகிறதா என்று பார்த்துவிடலாம் என்று கரி போட்டுப் பற்றவைத்தேன். தனியாகத்தான். எதற்குக் கேட்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமைதான் அது. சும்மா பார்க்கத்தான். ஒரே ஒரு கத்தரிக்காய் வைத்திருந்தேன். கரி சிவந்தது. விசிறினேன். சட்டென்று ஒரு சத்தம், ஓடு உடைகிற மாதிரி. மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு கோடு ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு இரண்டாகப் பிரிந்து, கரியெல்லாம் தரையில் கொட்டியது. கத்தரிக்காயும் உருண்டது.

மரகதம் ஓடி வந்தாள். அந்தக் காலோடுதான். அவள்தான் வாளித் தண்ணீரைக் கரியில் ஊற்றினாள். இரண்டு பேரும் நின்று அந்த இரண்டு துண்டையும் பார்த்தோம்.

"தண்ணி ஆகாதுன்னு சொன்னேனே அக்கா" என்றாள்.

"யார்கிட்ட சொன்னே? காக்காகிட்ட!" என்றேன்.

அதுதான் அம்மா, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்தது, இரண்டு பேரும் சாப்பிட மறந்துபோகிறவரைக்கும் ஓடியது. எத்தனை சேர்த்து வைத்திருந்தாள் தெரியுமா? நானும் குறைச்சலில்லை. கடைசியில் வடாத்துக்கு வந்தேன்.

"உன்னோடத எடுத்தியே, என்னோடத எடுத்தியாடி?"

"என்னோடத எடுத்தது வேலைக்காரி. உங்களோடத எடுக்க ஓடினது நான். தாம்பாளத்தோட படியில வழுக்கி விழுந்தேன். கொட்டிடுச்சு. மூணு மாசம் காலுல கட்டு."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

கேட்கவில்லையாம்! பாருங்கள், அதற்காக ஒன்பது வருஷம் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருப்பாளா? எவ்வளவு கல் நெஞ்சு இருந்தால் ஒரு மனுஷி இப்படிச் சொல்லாமல் இருப்பாள்! எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. காலையில் அவளுக்கு முழங்காலில் தேய்க்கத் தைலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தைலம் வீட்டில் சும்மா கிடந்தது.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். சிமெண்டு வைத்து ஒட்டிப் பார்த்தோம், பிடிக்கவில்லை. கம்பி கட்டிப் பார்த்தோம், உதிர்ந்தது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் சோளக்கதிர் சுடுகிறவர் இருக்கிறாரே, அவரிடம் போய்க் கேட்டோம். அவர்தான் செங்கல்பட்டில் இந்த இரும்புக்கடையைச் சொன்னார். மரகதத்தால் பஸ்ஸில் இவ்வளவு தூரம் நிற்க முடியாது. "நான் போய் வாங்கி வர்றேன். அவ வந்தா நான்தான் சொல்வேன். நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது சொல்லுங்கள், எப்படிச் சொல்வது? மூன்று விதமாக வைத்திருக்கிறேன். முதலாவது: "கயோ, போகி அன்னைக்கு எங்க வழக்கப்படி எல்லாத்தையும் கழுவணும், அதுல உன் அடுப்புக்கு ஒரு சின்ன விரிசல் வந்துடுச்சு." சரியில்லையா? ஆமாம், இரண்டு துண்டாகக் கிடக்கிறதைச் சின்ன விரிசல் என்று சொல்ல முடியாதுதான். இரண்டாவது: "கயோ, மரகதம் என்கிட்ட சொல்லியிருந்தா..." இதுவும் வேண்டாமா? நீங்கள் மரகதம் கட்சியா? சரி, மூன்றாவது. "கயோ, உன் அடுப்பை நான் உடைச்சுட்டேன். எனக்குத் தெரியல. நீ போரூர் போனாலும் இதை எடுத்துட்டுப் போ." இது பரவாயில்லை என்கிறீர்களா? இதில் எனக்கு ஒன்றும் மிச்சமில்லையே அம்மா. சொல்கிறபோது குரல் சரியாக வருமா என்பதும் தெரியவில்லை. போரூர் என்கிற இடத்தில் நிற்கிறது.

இருங்கள், போன். மரகதம்தான். காலையிலிருந்து ஆறாவது தடவை. இத்தனை வருஷத்துக் கணக்கை ஒரே வாரத்தில் தீர்க்கிறாள்.

"சொல்லு... வண்டலூர் தாண்டியாச்சு... என்னது, இன்னைக்கேவா? நாளைக்குன்னு தானே... சரி, தேதி குழம்பிட்டோம், விடு. எங்க இருக்கா?... மாடிக்குப் போயிட்டாளா! பார்த்துட்டாளா?... ஐயோ... நீ என்ன சொன்னே?... என்ன? திரும்பச் சொல்லு... நீயா? நீ உடைச்சியா? மரகதம், உன்னை யாருடி அப்படிச் சொல்லச் சொன்னது? சத்தியம் பண்ணினியே... வாயைத் திறக்காம சத்தியம் பண்ணினியா? ... குடு, அவகிட்ட குடு. ... கயோ? கயோ, நான்தான்மா, நான்தான் கழுவினேன், அவ இல்ல... ம்... ம்... தெரியுமா? எப்படித் தெரியும்?... ஆமா... ஆமா, பேசறோம்... ம்... நிஜமாவா? ... சரி. சரி, வரேன். பத்து நிமிஷம்."

ஒரு நிமிஷம் அம்மா. இந்தத் தூசி. இந்த ரோடு முழுக்க ஒரே தூசி.

கேட்டீர்கள் அல்லவா? மரகதம் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாளாம். "நான்தான் கழுவினேன், நான்தான் பத்த வச்சேன், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று. கயோ அந்த இரண்டு துண்டையும் மடியில் வைத்துப் பொருத்திப் பார்த்தாளாம். பிறகு, "மரகதக்கா, உங்களுக்குக் கீழ உக்காந்து தேய்க்க முடியாதே, முழங்கால் முழுசா மடங்காதுல்ல?" என்று கேட்டாளாம். என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா கயோ? "அடுப்பு போனது வருத்தந்தேன்க்கா. ஆனா கருகுது கருகுதுன்னு இனிமே நான் சொல்ல வேணாம்ல? ரெண்டு பேரும் பேசிக்கிறீகளாமே" என்றாள். போரூரைக் கேட்டேன். இல்லை, நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "நான் போகலக்கா. அங்கிட்டு மொட்டை மாடியைப் பூட்டித்தேன் வச்சுருக்காங்களாம். நீங்க கரி வாங்கியாச்சா?" என்றாள்.

கயோவை விடுங்கள், அவள் நல்லவள். இந்த மரகதத்தை என்ன செய்வது? நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஊறவைத்தது நான். தேய்த்தது நான். பற்றவைத்தது நான். செங்கல்பட்டுக்கு அலைந்தது நான், காலையிலிருந்து மூன்று விதமாக வாக்கியம் கட்டியது நான். என் தப்பை எடுத்துக்கொள்ள இவள் யார்? வாழ்க்கையில் ஒரு தப்பை முழுசாக ஒப்புக்கொள்ளலாம் என்று கிளம்பினால், அதையும் முந்திக்கொண்டு எடுத்துக்கொள்கிறாள்! நாளைக்குத் தெருவெல்லாம் என்ன பேசுவார்கள்? மரகதத்துக்கு எவ்வளவு பெரிய மனசு என்றுதானே? இந்தச் சின்ன மனசுக்காரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள்.

தாம்பரம் வந்துவிட்டது. இதை ஒரு கை பிடியுங்கள் அம்மா, நான் முதலில் இறங்கி வாங்கிக்கொள்கிறேன். ஜாக்கிரதை, மண் பூச்சு. ஆங், கொடுங்கள். நல்லா இருப்பீர்கள்.

வீட்டுக்குப் போனதும் பேச்சை நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நிறுத்திவிட்டால் அவளை எப்படித் திட்டுவது? குறைந்தது நாலு நாளைக்குத் திட்ட வேண்டியிருக்கிறதே!